டயட் சார்ட் வாங்கிக்கொண்டு காணாமல் போகிறார்கள், இதை நம்பி வேலையை விடலாமா?

அரைவயிறு:

ஆறு வருடமாக ஒரு மருத்துவமனையில் டயட்டீஷியனாக இருக்கிறேன். காலையில் வார்டு ரவுண்ட்ஸ், மதியம் சமையற்கூடத்தோடு மல்லுக்கட்டு, அப்புறம் ஓபியில் ஆளுக்குப் பத்து நிமிடம்கூடக் கிடைக்காது. தனியாகச் செய்தால் ஒழுங்காகச் செய்யலாமே என்று நான்கு மாதமாக, வேலை முடிந்து வந்து வீடியோ காலில் ஆட்களைப் பார்க்கிறேன். இதுவரை 19 பேர், எல்லாரும் தெரிந்தவர்கள், இல்லாவிட்டால் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். இரண்டாம் முறை வந்தவர்கள் 4 பேர்தான். மற்றவர்கள் சார்ட் வந்ததும் ஒரு கும்பிடு பொம்மையைத் தட்டிவிட்டு மறைந்துவிட்டார்கள்.

வேலையை விடலாமா, கட்டணத்தை எதை வைத்து முடிவு செய்வது, இந்த இரண்டும்தான் கேள்வி. மூன்றாவது என் தம்பி கேட்டது: "சார்ட்தான் ஆப்பில் இலவசமாகக் கிடைக்கிறதே, உனக்கு எதற்குப் பணம்?" எனக்குப் பதில் வரவில்லை.

தராசுமுள்:

தம்பி கேட்டது சரியான கேள்வி. கிலோவில் எடையை 10ஆல் பெருக்கு, சென்டிமீட்டரில் உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டு, வயதை 5ஆல் பெருக்கிக் கழி, ஆண் என்றால் 5 சேர், பெண் என்றால் 161 கழி. சும்மா இருந்தாலே உடம்பு ஒரு நாளில் செலவழிக்கும் கலோரியைக் கணக்கிட 1990இல் வந்த மிஃப்ளின் சமன்பாடு இது, எந்த ஃபோனும் ஒரு நொடியில் போட்டுவிடும். அதற்கு யாரும் காசு தர வேண்டியதில்லை. நீங்கள் விற்க வேண்டியது சார்ட் கையில் கிடைத்த பிறகு வரும் வாரங்களை. சார்ட்டை முதல் நாளே கொடுத்தால் கடையில் சாமான் வாங்கியவர் மாதிரி போய்விடுவார், அவர்மேல் தப்பில்லை.

நான் முதல் சந்திப்பில் சார்ட்டே தருவதில்லை. நேற்று கண் விழித்ததிலிருந்து படுக்கும் வரை வாயில் போட்ட எல்லாவற்றையும் சொல்ல வைப்பேன். "சர்க்கரையைத் தொடுவதே இல்லை" என்று தொடங்கிய ஒருவர், அலுவலகத்தில் நாளுக்கு 6 கப் காபி, கப்புக்கு 2 ஸ்பூன் என்று தானே எண்ணிச் சொன்னார். ஸ்பூனுக்கு 4 கிராம் வைத்தாலும் 48 கிராம். காபியில் போடுவது அவர் கணக்கில் சர்க்கரையாகவே இல்லை! இந்த ஒரு இடத்தை மட்டும் இரண்டு வாரம் சரி செய்தோம்.

ஒற்றைக் கன்சல்டேஷனை விட்டுவிட்டு 12 வாரத்துக்கு ஒரே பேக்கேஜாகப் போடுங்கள். சும்மா சொல்லவில்லை, எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை கிட்டத்தட்ட முந்தைய மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டுவது, அதனால் 12 வாரம் கழித்துப் பார்த்தால்தான் எண்ணில் ஏதாவது தெரியும். ஒரு மாதத்தில் பார்த்துவிட்டு "ஒன்றும் மாறலையே" என்று மனம் விட்டுப் போகிறவர்கள் உண்டு.

கட்டணத்துக்கு மணியை எண்ணுங்கள். முதல் சந்திப்பு 1 மணி, ரிப்போர்ட் படித்து எழுத ஒன்றரை, அரைமணியாக 6 ஃபாலோ-அப் என்றால் 3, மெசேஜுக்கு வாரம் 20 நிமிடம் வைத்தால் 12 வாரத்தில் 4. ஆக ஒருவருக்கு ஒன்பதரை மணி. நீங்கள் ஒரு மணி என்று நினைத்துக் காசு வாங்கியிருப்பீர்கள். அதோடு உங்கள் நேரத்தில் பாதி கணக்கு, விளம்பரம், பாக்கி கேட்பது என்று கூலி இல்லாமல் போகும். சம்பளத்தை மணிக்கணக்கில் பிரித்து, அதைப்போல் இரண்டு மடங்குக்குக் கீழே இறங்காதீர்கள். முழுப் பணமும் முன்கூட்டியே.

பழையகைப்பை:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் பணத்துக்கு முன்னால் ஒன்று. வார்டில் கேஸ் ஷீட் கையில் இருக்கும், வீட்டில் இருக்காது. நான் தொடங்கிய வருடம் நீரிழிவுள்ள ஒரு அம்மா வந்தார். என்ன மாத்திரை என்றேன், "சுகருக்கு ஒண்ணு" என்றார், எழுதிக்கொண்டேன். மாவுச்சத்தைப் பாதியாகக் குறைத்தேன். நான்காம் நாள் முற்பகல் அவர் மகளிடமிருந்து ஃபோன், அம்மாவுக்குக் கை நடுங்குகிறது, நைட்டி நனைகிற அளவுக்கு வியர்வை, மீட்டரில் 58. எழுபதுக்குக் கீழே போனாலே லோ சுகர். 15 கிராம் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல்லி, அந்த 15 நிமிடமும் நான் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மாத்திரை கிளிமிபிரைடு. சாப்பாட்டைக் குறைத்தாலும் அது இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டேதான் இருக்கும்.

அன்றிலிருந்து மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்பாதவருக்கு நான் ஒரு வேளை உணவுகூடச் சொல்வதில்லை. டபாகிளிஃப்ளோசின் வகை நீரிழிவு மாத்திரை எடுப்பவருக்கு மாவுச்சத்தை ரொம்பக் குறைத்தால் சர்க்கரை ஏறாமலே கீட்டோஅசிடோசிஸ், அதாவது ரத்தம் ஆபத்தான அளவுக்கு அமிலமாவது, வரலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் திடீரென்று கீரையைக் கூட்டினாலோ நிறுத்தினாலோ ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் ஆடும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் தெரிந்திருந்தும்தான் நான் கேட்காமல் விட்டேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பின் ஒவ்வொருவருடைய மருத்துவருக்கும் ஒரு பக்கக் கடிதம் அனுப்ப ஆரம்பித்தேன்: என்ன மாற்றுகிறேன், எந்த மருந்தை நீங்கள் பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கலாம் என்று. பயத்தில் தொடங்கியது, இன்று எனக்கு வரும் ஆட்களில் பாதிப் பேர் அந்த மருத்துவர்கள் அனுப்புகிறவர்கள். விளம்பரத்துக்குச் செலவழித்த காசு ஒன்றும் திரும்பவில்லை.

தொழில் பொறுப்புக் காப்பீடு எடுங்கள். டயட்டீஷியன் என்ற பட்டத்தைப் பதிவு பெற்றவர் மட்டுமே போட்டுக்கொள்ளலாம் என்று பல நாடுகளில் சட்டம் உண்டு, வீடியோ காலில் வேறு நாட்டில் இருப்பவரைப் பார்ப்பதாக இருந்தால் அங்கே என்ன விதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலை நியமனக் கடிதத்தையும் ஒரு முறை எடுத்துப் படியுங்கள், வெளியே தொழில் செய்யக் கூடாது என்று ஒரு வரி இருக்கக்கூடும்.

காற்றாடி22:

இவ்வளவு யோசித்தால் யாரும் தொடங்க மாட்டார்கள். நான் ஒரே மாதத்தில் விட்டேன். புரோட்டீன் பவுடர் கமிஷனில் வாடகை ஓடிவிடுகிறது.

தராசுமுள்:

@காற்றாடி22, பவுடர் விற்கிறவர் சொல்லும் புரோட்டீன் கணக்கை யார் நம்புவார்? கமிஷன் வாங்கினால் வாங்குவதாக வந்தவரிடம் சொல்லிவிட்டாவது வாங்குங்கள். @அரைவயிறு, வேலையை இப்போது விடாதீர்கள். முடிந்தால் வாரத்தில் இரண்டு நாள் குறைத்துக் கேளுங்கள். ஆறு மாதச் செலவு கையில் சேர்ந்து, பேக்கேஜில் தொடர்ந்து பத்துப் பேராவது ஓடினால் அப்புறம் பார்க்கலாம். அதற்கு முன்னால், காணாமல் போன அந்த 15 பேரிடம் ஏன் வரவில்லை என்று கேட்டீர்களா?

அரைவயிறு:

கேட்கவில்லை, கூச்சமாக இருந்தது. நேற்றிரவு 15 பேருக்கும் அனுப்பினேன், "திட்ட மாட்டேன், காரணம் மட்டும் சொல்லுங்கள்" என்று. 6 பேர் பதில் போட்டார்கள். ஒருவருக்கு நேரமில்லை, ஒருவருக்குப் பணம். மற்ற நான்கு பேரும் கிட்டத்தட்ட ஒரே பதில்: இரண்டாவது மூன்றாவது நாளே சார்ட்டை விட்டுவிட்டார்கள், எந்த முகத்தோடு திரும்ப வருவது என்று இருந்துவிட்டார்கள். நான் அவர்களுக்கு சார்ட் பிடிக்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நியமனக் கடிதத்தில் அந்த வரி இருக்கிறது, திங்கட்கிழமை மேலாளரிடம் பேச வேண்டும். அந்த நால்வரில் ஒருவர் திரும்பப் பேசலாமா என்று கேட்டிருக்கிறார். சார்ட் எதையும் எடுத்து வைக்கவில்லை, மாத்திரை அட்டையை மட்டும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.