புதுப்பிப்பு: ராணுவத்திலிருந்து வந்த ப்ரீமெட் மாணவன், தன்னார்வ வேலை கிடைத்தது

அமெரிக்க ராணுவத்தை விட்டு வந்து ப்ரீமெட் (மருத்துவக் கல்லூரியில் சேர்வதற்கு முந்தைய பட்டப்படிப்பு) படிக்கிறேன், நோயாளிகளோடு பழகும் தன்னார்வ வேலையும் ஆராய்ச்சி அனுபவமும் எங்கே கிடைக்கும் என்று ஜனவரியில் கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "முன்னாள் ராணுவத்தினர் நலத்துறையான வி.ஏ.வின் மருத்துவமனையிலேயே நேரில் போய்க் கேளுங்கள்" என்ற யோசனைதான். கைரேகை, பின்னணிச் சோதனை, காசநோய்ப் பரிசோதனை எல்லாம் முடிய ஏழு வாரம் ஆனது. இப்போது சனிக்கிழமைகளில் சக்கர நாற்காலி தள்ளுகிறேன். வியட்நாம் போருக்குப் போய்வந்த தாத்தா ஒருவர், "எந்தப் பிரிவு?" என்று விசாரித்த பிறகுதான் ஏறி உட்கார்ந்தார்.

ஆராய்ச்சிக்கு முப்பது மின்னஞ்சல் அனுப்பியும் ஒரு பதில்கூட இல்லை. அப்புறம் வார்டில் பழகிய மருத்துவர்தான் சேர்த்துவிட்டார், சம்பளமில்லாமல்.

எதிர்பாராதது ஒன்று: ஜி.ஐ. பில்லில் (ராணுவத்தில் இருந்தவர்களுக்கான அரசுக் கல்வி உதவி) முக்கால்நேரமாவது படிப்பவர்களுக்கு வி.ஏ. வொர்க்-ஸ்டடி, அதாவது படித்துக்கொண்டே பார்க்கும் பகுதிநேர வேலை, உண்டு. குறைந்தபட்ச ஊதியம்தான், ஆனால் வரி கிடையாது. படிவம் 22-8691.