கிரைம், திகில், குடும்ப நாவலுக்கு மட்டும் ஒரு விமர்சன இணைய இதழ், எப்படி நடத்துறது?

செக்காலை_வாசகன்:

வணக்கம். காரைக்குடியில நாங்க சில நண்பர்கள் சேந்து ஒரு இணைய இதழ் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம், கதை போடுற இதழ் இல்ல, விமர்சனம் மட்டும், அதுவும் கிரைம், திகில், அறிவியல் புனைகதை, குடும்ப நாவல் இதுகளுக்கு மட்டும். இலக்கியப் புத்தகத்தப் பத்தி எழுத ஆள் இருக்காங்க, சொல்வனம் 2009ல இருந்து வருது, அரூ 2018ல ஆரம்பிச்சு அறிவியல் புனைகதைக்குப் போட்டியெல்லாம் வச்சாங்க, ஆனா பஸ் ஸ்டாண்ட் கடையில கிளிப் போட்டுத் தொங்குன மாத நாவலுக்கு யாரு எழுதுனா? நம்ம பக்கம் பழைய வீடுகளப் பிரிக்கிறப்ப கதவு, தூணு, எனாமல் பாத்திரம் எல்லாம் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போகுது, ஒவ்வொண்ணுக்கும் நின்னு விலை பேசுறாங்க, பரண்ல கட்டி வச்ச நாவல் கட்டு மட்டும் கிலோ கணக்குல பழைய பேப்பர் கடைக்குப் போயிருது. அதுல எது நல்ல கதை, எது பக்கத்த நிரப்புனதுன்னு சொல்ல ஒரு இடம் இல்ல. நெட்ல தேடுனா அட்டைப் படம் கிடைக்கும், கீழ "செம", "விறுவிறுப்பு", அஞ்சு ஸ்டார், அவ்வளவுதான். தமிழ்வாணன் தேவகோட்டைக்காரர், டீ குடிச்சுகிட்டே துப்புத் துலக்குற அவரோட சங்கர்லால் கதைகள நம்ம வீடுகள்ல எத்தன பேரு படிச்சிருக்காக, இன்னிக்குப் புதுசா படிக்க வர்ற ஒரு பையனுக்கு அதுல எத முதல்ல குடுக்கலாம்னு கேட்டா எங்க போயிப் பாக்குறது?

எங்களுக்குத் தெரிய வேண்டியது இதுதான், எத்தன நாளுக்கு ஒருக்கா போட்டா தாங்கும், காசு எங்கருந்து வரும், அப்புறம் புத்தகம் எழுதுறவுக பாதிப் பேரு நமக்குத் தெரிஞ்சவுகளாவே இருப்பாக, பேஸ்புக்ல நண்பரா இருப்பாக, புத்தகம் சரியில்லன்னா அத எப்படி எழுதுறது? கேஸ் கீஸ்னு வந்துருமோன்னு ஒரு நண்பர் பயப்படுறார். நடத்துன அனுபவம் உள்ளவுக சொல்லுங்க.

புதுக்கோட்டை_திகில்பிரியன்:

தம்பி, நல்ல காரியம், தயவுசெஞ்சு விட்றாதீங்க. நான் இங்க ஒரு சின்ன திகில் கதை விமர்சனத் தளம் பாத்துக்கிறேன், அதுல இருந்து சொல்றேன். மாசம் ரெண்டு விமர்சனம் போதும், ஆனா தேதி மாறக்கூடாது, முதல் தேதி, பதினஞ்சாம் தேதின்னு வச்சா அந்த ரெண்டு நாள் வாசகர் தானா வந்து பாப்பாங்க. தினமும் போடணும்னு ஆரம்பிக்கிற தளங்கள்ல முதல்ல போறது எழுதுறவங்களோட தெம்புதான், அப்புறம் அட்டைப் படம் போட்டு ரெண்டு வரி எழுதி ஒப்பேத்த வேண்டியிருக்கும். இங்கிலீஷ்ல அறிவியல் புனைகதைக்கு இருக்குற லோகஸ் பத்திரிகை 1968ல ரோனியோ போட்ட தாளாத்தான் ஆரம்பிச்சது, இன்னிக்கும் வருது. ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்னு ஒண்ணு 2000ல இருந்து முழுக்க இணையத்துலயே நடக்குது, அதுல எடிட்டர்கள் சம்பளம் வாங்காம வேலை பாக்குறாங்க, எழுதுறவங்களுக்குக் காசு குடுக்குறாங்க, விமர்சனம் எழுதுறவங்களுக்கும் சேத்து, பணம் பெரும்பாலும் வருஷா வருஷம் வாசகர்கிட்ட நன்கொடை கேட்டு வர்றது. எனக்கு அந்த முறை ரொம்பப் பிடிச்சது. விமர்சனத்துக்குன்னு ஒரு சின்னத் தொகையாவது குடுத்துப் பாருங்க, எழுதுறவங்க புத்தகத்த முழுசா படிச்சுட்டு எழுதுறாங்க, நீங்களும் திருத்தம் கேக்கலாம், ஓசியில எழுதிக் குடுத்தவங்ககிட்ட "மூணாவது பாராவ மாத்துங்க"ன்னு கேக்க வாய் வராது. விளம்பரத்த நம்பாதீங்க. கூகுளோட விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸ்ல தமிழ் 2018லயே சேந்துருச்சு, ஆனா நம்ம மாதிரி தளத்துக்கு வர்ற கூட்டத்துக்கு அது டொமைன் காசக்கூட ஒழுங்கா கட்டாது.

இனிமே சொல்றதுதான் எனக்கு முக்கியம். ஒவ்வொரு விமர்சனத்துக்கு மேலயும் ஒரு கட்டம் போடுங்க, கதை முதல்ல எந்தப் பத்திரிகையில தொடரா வந்துச்சு, எந்த மாசம், புத்தகமா யாரு போட்டது, நீங்க படிச்சது எந்தப் பதிப்பு, எத்தன பக்கம், புத்தகம் வாங்குனதா, ஓசியில வந்ததா. மாத நாவல்ல பல தடவ முதல் வெளியீட்டு வருஷமே இருக்காது, மறுபதிப்பு வந்தப்புறம் எது பழசு எது புதுசுன்னு யாராலயும் சொல்ல முடியல. சந்தேகம் வந்தா சரிபாக்க இடம் இருக்கு. உங்க கோட்டையூர்ல ரோஜா முத்தையா செட்டியார் நோட்டீஸ், நாடக விளம்பரம், மலிவுப் பதிப்புன்னு யாரும் மதிக்காததையும் சேத்து வச்சாரு, அவர் காலத்துக்கு அப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் அத வாங்கி 1994ல சென்னையில நூலகமா ஆக்குனாங்க. எங்க ஊர்ல ஞானாலயான்னு பழைய புத்தகங்களச் சேத்து வச்சிருக்குற நூலகம் இருக்கு. லீவு நாள் பாத்து ஒரு ஆள் போயிட்டு வந்தா பல வருஷச் சிக்கல் தீரும்.

அப்புறம் எழுதுற விதம். துப்பறியும் கதையில "வாழ்க்கை தரிசனம் இல்ல"ன்னு எழுதுறது இனிப்புக் கந்தரப்பத்தச் சாப்ட்டுட்டு காரம் பத்தலன்னு சொல்ற மாதிரி. கேக்க வேண்டியது வேற. கொலைகாரன் யாருன்னு தெரியவர்றப்ப அதுக்கான தடயம் முன்னாடியே வாசகன் கண்ணுல பட்டுச்சா, இல்ல கடைசிப் பக்கத்துல புதுசா ஒரு தம்பிய இறக்குமதி பண்ணுனாரா? ராஜேஷ்குமார் நாவல்ல ரெண்டு தடம் தனித்தனியா ஓடி முடிவுல சேரும், அது சேர்ற இடம் இந்தப் புத்தகத்துல நியாயமா இருக்கா? பேய்க்கதையில பயம் எந்த இடத்துல பிடிச்சது, எந்தப் பக்கத்துல விட்டுச்சு? இதெல்லாம் பக்கத்த வச்சு எழுதலாம், முடிவ உடைக்காமலும் எழுதலாம். முடிவச் சொல்லியே ஆகணும்னா அந்தப் பகுதிய தனியாப் பிரிச்சு, மேலயே எச்சரிக்கை போட்டுருங்க.

டெக்னிக்கலா ரெண்டே விஷயம். லிங்க்கோட முகவரிய இங்கிலீஷ் எழுத்துல வைங்க, தமிழ்ல வச்சா வாட்ஸாப்ல ஒட்டுறப்ப சதவீதக் குறியா நாலு வரிக்கு நீளுது, பாக்குறவங்க பயந்து தொட மாட்டாங்க. எழுத்தாளர் பேர ஒரே மாதிரி எழுத ஒரு பட்டியல் வச்சுக்கங்க, சௌந்தர்ராஜன், சௌந்தரராஜன், சவுந்தர்ராஜன்னு மூணு டேக் ஆயிட்டா தேடுறப்ப மூணுல ஒரு பங்குதான் வரும். பேக்கப் எடுக்குறதச் சொல்ல வேண்டியதில்ல, ஒவ்வொரு இதழையும் இணையப் பக்கங்களச் சேமிச்சு வைக்கிற வேபேக் மெஷின்லயும் ஏத்திருங்க.

தேவகோட்டை_வக்கீல்:

கேஸ் பயத்துக்கு நான் பதில் சொல்றேன், இது பொதுவாச் சொல்றதுதான், தனிப்பட்ட சிக்கல்னா நேர்ல ஒரு வக்கீலப் பாருங்க. அவதூறு இப்ப பாரதிய நியாய சன்ஹிதா 356ஆவது பிரிவு, 2024 ஜூலை 1க்கு முன்னாடி இந்திய தண்டனைச் சட்டம் 499. இதுல விதிவிலக்குகள் இருக்கு, அதுல ஒண்ணு நேரா உங்களுக்கானது. ஒருத்தர் ஒரு படைப்ப மக்கள் தீர்ப்புக்கு வச்சுட்டா அந்தப் படைப்பப் பத்தியும், அதுல தெரியிற அளவுக்கு அவரோட குணத்தப் பத்தியும் நல்லெண்ணத்தோட கருத்துச் சொல்றது அவதூறு ஆகாது. புத்தகம் போடுறவர் அதை மக்கள் தீர்ப்புக்கு வைக்கிறார்னு சட்டத்துலயே உதாரணம் போட்டிருக்கு. இன்னும் ஒரு உதாரணம் ரொம்ப அழகா இருக்கும், எல்லா விமர்சகரும் படிக்கணும். "இந்தப் புத்தகம் அசட்டுத்தனமா இருக்கு, எழுதுனவர் பலவீனமான ஆளாத்தான் இருக்கணும்"னு சொன்னா விதிவிலக்குக்குள்ள வரும். "இந்தப் புத்தகம் அசட்டுத்தனமா, ஆபாசமா இருக்குறதுல எனக்கு ஆச்சரியமே இல்ல, அவரே பலவீனமான, ஒழுக்கம் கெட்ட ஆளாச்சே"ன்னா வராது. முதல்ல சொன்னது புத்தகத்த வச்சு வந்த கருத்து, ரெண்டாவது புத்தகத்துக்கு வெளியில இருந்து கொண்டு வந்தது. உங்க எடிட்டர் ஒவ்வொரு கட்டுரையிலயும் இந்தக் கோட்டப் பாத்தாப் போதும். அதுக்காக நோட்டீஸே வராதுன்னு சொல்லல, வந்தா நிக்க உங்களுக்கு இடம் இருக்குன்னு சொல்றேன்.

மேற்கோளுக்கும் பயப்படாதீங்க, 1957 பதிப்புரிமைச் சட்டம் 52ஆவது பிரிவுல விமர்சனத்துக்காக நியாயமான அளவு எடுத்தாளலாம்னு இருக்கு. ஒரு அத்தியாயத்தையே ஸ்கேன் பண்ணிப் போடுறது அதுல வராது. பிடிஎஃப் லிங்க் கேட்டு கமெண்ட்ல வருவாங்க, அத அப்பப்ப நீக்கிருங்க, உங்க தளம் திருட்டுப் பிரதிக்கு வழிகாட்டின்னு பேர் வாங்கக்கூடாது. இலவசப் பிரதி வாங்குனா அதச் சொல்லிருங்க, விளம்பரத் தரக் கவுன்சில் 2021ல போட்ட வழிகாட்டுதல்ல இலவசமா வாங்குற பொருளையும் சொல்லவேண்டிய தொடர்பாத்தான் கணக்குல எடுத்திருக்கு.

கண்டனூர்_வாசகி:

தலைப்புல குடும்ப நாவல்னு போட்டிருக்கீங்க, அது கடைசி வரைக்கும் இருக்குமான்னுதான் என் கேள்வி. இந்த மாதிரி எது ஆரம்பிச்சாலும் கிரைமுக்கு ஆம்பளைங்க அடிச்சுப் பிடிச்சு எழுதுறாங்க, அறிவியல் கதைக்கு எழுதுறாங்க, குடும்ப நாவலுக்கு வர்றப்ப "அது ஒரே மாதிரிதானே"ன்னு ஒரு வரியில தள்ளிர்றாங்க. எங்க ஆச்சி ரமணிசந்திரன் நாவல அட்டை கிழிஞ்சா மைதாமாவு பசை காய்ச்சி ஒட்டி வச்சுப் படிச்சாக, வளவுல மத்தியானம் படுத்துக்கிட்டு ஒருத்தர் வாசிக்க நாலு பேரு கேப்பாக, இதுல எழுத்து வளமா இருக்கு, இதுல ஜவ்வா இழுக்குறான்னு அவுகளுக்கே ஒரு கணக்கு இருந்துச்சு. அந்தக் கணக்க யாரு எழுதி வச்சா? மேல அண்ணன் சொன்ன ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்லயே ஒரு நல்ல வேலை பண்ணுனாங்க, வெவ்வேற விமர்சன இதழ்கள்ல பெண்கள் எழுதுன புத்தகத்துக்கு எவ்வளவு இடம், விமர்சனம் எழுதுறவங்கள்ல பெண்கள் எவ்வளவுன்னு வருஷா வருஷம் எண்ணிப் போட்டாங்க. நீங்களும் வருஷக் கடைசியில எண்ணிப் போடுங்க, வாசகர் கண்ணுக்குத் தெரியுற மாதிரி.

இன்னொண்ணு, இப்ப குடும்ப நாவல் பெரும்பாலும் அச்சுல பிறக்கல. எழுத்தாளர் ஒரு தளத்துல வாரம் ரெண்டு மூணு எபிசோட் போடுறாங்க, கீழ நூறு கமெண்ட் விழுது, கதை முடிஞ்ச கொஞ்ச நாள்ல லிங்க் எடுத்துர்றாங்க. ஏன்னா அமேசானோட சந்தா கட்டிப் படிக்கிற கிண்டில் அன்லிமிடெட்ல போடணும்னா, சேத்ததுல இருந்து 90 நாள் ஈபுக் வேற எங்கயும் இருக்கக்கூடாதுன்னு விதி. அப்புறம் புத்தகமா வருது, அதுல முடிவு கொஞ்சம் மாறியிருக்கும், சில சீன் போயிருக்கும். அப்ப நீங்க எதுக்கு விமர்சனம் எழுதுறீங்க, தொடருக்கா, கிண்டிலுக்கா, அச்சுக்கா? புதுக்கோட்டை அண்ணன் சொன்ன கட்டத்துல இதுக்கும் ஒரு வரி வேணும். தொடர் ஓடிகிட்டு இருக்குறப்ப விமர்சனம் போடாதீங்க, பாதியில எழுத்தாளர் மனசு உடைஞ்சு நிறுத்திட்டா எங்களுக்குத்தான் நட்டம். முடிஞ்சதும் படிச்சு எழுதுங்க, தைரியமா எழுதுங்க. நாயகிய அடிக்கிற நாயகன ஆன்டி ஹீரோன்னு கொண்டாடுற கதைகள் நிறைய வருது, அதப் படிக்கிறவங்களக் கேவலப்படுத்தாம, அந்தக் கதை என்ன செய்யுதுன்னு பொறுமையா எழுதுற ஆள் இப்ப யாருமில்ல. அதுக்காகவே நான் உங்க இதழுக்கு வருவேன்.

பள்ளத்தூர்_கதைக்காரன்:

நான் கிண்டில்ல கிரைம் எழுதுறவன், எழுத்தாளர் பக்கம் இருந்து பேசுறேன். காசு வாங்கிகிட்டு விமர்சனம் எழுதுறது தப்புன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா அமெரிக்காவுல 1933ல ஆரம்பிச்ச கிர்கஸ்ங்கிற புத்தக விமர்சன இதழ்லயே சொந்தமா புத்தகம் போடுற எழுத்தாளர் பணம் கட்டி விமர்சனம் வாங்கிக்கலாம், நல்லபடியா வரும்னு உத்தரவாதம் கிடையாது, பிடிக்கலன்னா வெளியிட வேண்டாம்னு சொல்லிக்கலாம். எங்களுக்கு யாரும் எழுதுறதே இல்ல, ஒரு கட்டணம் வச்சு எழுதுனா இதழுக்கும் வருமானம் ஆகும்ல?

புதுக்கோட்டை_திகில்பிரியன்:

கேள்வி நியாயம், ஆனா வேண்டாம்னுதான் சொல்லுவேன். பிடிக்கலன்னா வெளியிட வேண்டாம்னு எழுத்தாளர் முடிவு பண்ணலாம்னா, வெளிய வர்றதெல்லாம் நல்ல விமர்சனமாத்தான இருக்கும், வாசகன் அத வச்சு எப்படி நம்புவான்? நமக்கு இருக்குற கூட்டம் சின்னது, யாரு யாருக்கு ஜிபே பண்ணுனாங்கன்னு அடுத்த புத்தகத் திருவிழாவுக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சுரும். வாசகர்கிட்ட வாங்கலாம், எழுத்தாளர்கிட்ட வாங்கக்கூடாது. உங்கள மாதிரி கிண்டில்ல எழுதுறவங்களுக்காக வேற ஒண்ணு பண்ணலாம், யாரு வேணும்னாலும் புத்தகம் அனுப்பலாம்னு ஒரு மெயில் ஐடி, வந்த எல்லாப் புத்தகத்தையும் மாசா மாசம் ஒரு பட்டியலா போட்டுர்றது, அதுல இருந்து விமர்சகர் தனக்குப் பிடிச்சத எடுப்பார். விமர்சனம் வரலன்னாலும் புத்தகம் வந்த விவரம் பதிவாயிரும். தெரிஞ்சவர் புத்தகம்னா அவரத் தெரியாத ஆள்கிட்ட குடுக்கணும், வேற ஆளே கிடைக்கலன்னா பழக்கத்த முதல் பாராவுலயே சொல்லிட்டு எழுதணும்.

செக்காலை_வாசகன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி நண்பர்களோட உக்காந்து முழுசும் படிச்சோம். மாசம் ரெண்டு, தேதி மாறாம. எழுத்தாளர்கிட்ட காசு இல்ல. வந்த புத்தகப் பட்டியல் கண்டிப்பா உண்டு, பள்ளத்தூர் அண்ணே முதல்ல நீங்களே அனுப்புங்க. வக்கீல் ஐயா சொன்ன அந்த ரெண்டு உதாரணத்தையும் எழுதுறவங்களுக்குக் குடுக்குற குறிப்புல அப்படியே சேத்துர்றோம். கண்டனூர் அக்கா, குடும்ப நாவல் பகுதிய நீங்களே எடிட்டரா இருந்து பாத்துக்குவீங்களா? எங்கள்ல அத ஒழுங்கா படிச்ச ஆள் இல்ல, படிக்காத ஆள் திருத்துனா நீங்க சொன்ன அதே ஒரு வரியிலதான் வந்து நிக்கும்.

கண்டனூர்_வாசகி:

பாத்துக்குறேன் தம்பி. ஆனா ஒரு நிபந்தனை, எதுக்கு விமர்சனம் போடணும்னு நான்தான் எடுப்பேன், பக்கம் குறைக்கச் சொல்லக்கூடாது. ஆச்சி வீட்டுக் கட்டு இன்னும் பரண்ல இருக்கு, ஞாயித்துக்கிழமை இறக்கி எந்தெந்த நாவல், எந்த வருஷம்னு ஒரு எக்செல்ல ஏத்தி அனுப்புறேன், அட்டை இல்லாததுக்கு வருஷம் பாக்க யாராவது ஞானாலயா போறப்ப சொல்லுங்க, நானும் வர்றேன்.