வரி இல்லாத மாநிலத்து ஹொக்கி அணிகளுக்கு அது தனிப் பலமா?

ஸ்காபரோ அப்பா:
வணக்கம். 2025 மே 18 இரவு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கின் (NHL) பிளேஆஃப் என்ற இறுதிக் கட்டத் தொடரில் முதல் இரண்டு ஆட்டங்களை வென்ற எங்கள் ரொறன்ரோ லீஃப்ஸ், ஏழாவது ஆட்டத்தில் சொந்த ஊரிலேயே புளோரிடா பாந்தர்ஸிடம் 6-1 என்று தோற்றது. பதினொரு வயது மகன் நீலச் சட்டையைக் கழற்றி, மடித்து, கதிரையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் படுக்கப் போனான். ஆறு வாரத்தில் லீஃப்ஸின் நட்சத்திர வீரர் மிட்ச் மார்னரும் போய்விட்டார். பக்கத்து மார்க்கம் நகரில் பிறந்த பிள்ளை, இப்போது நெவாடாவின் வேகாஸ் அணியில். ஆண்டுக்கு 12 மில்லியன் டொலர், எட்டு ஆண்டுகள்.

ஓர் அணி தன் வீரர்களுக்கு மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பள உச்சவரம்பு எல்லா அணிக்கும் ஒன்றுதான். 2024-25இல் 88 மில்லியன். ஆனால் அது வரிக்கு முந்திய தொகை. புளோரிடா, டெக்சாஸ், டென்னசி, நெவாடா மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது. அங்கே அமெரிக்க மத்திய வரியின் மேல் விகிதம் 37 சதவீதத்தோடு முடிகிறது. ஒன்ராறியோவில் சமஷ்டியும் மாகாணமும் சேர்ந்தால் 53.53.

மகனின் கணக்குக் கொப்பியிலேயே போட்டுப் பார்த்தேன். 57 கோல் அடித்த சாம் ரைன்ஹார்ட், 2024 கோடையில் ஆண்டுக்கு 8.625 மில்லியனுக்குப் புளோரிடாவில் கையெழுத்திட்டார். 37 சதவீதம் போனால் கையில் சுமார் 5.43 மில்லியன். அதே தொகை ரொறன்ரோவில் கைக்கு வர, அணி 11.7 மில்லியன் கொடுக்க வேண்டும். மூன்று மில்லியன் வித்தியாசம்! 2020 முதல் 2025 வரை ஆறு சாம்பியன் கிண்ணங்களில் ஐந்தை, வரி இல்லாத மாநிலங்களின் டாம்பா, வேகாஸ், புளோரிடா அணிகளே கொண்டுபோயின. இதை எப்படிச் சமமான போட்டி என்பது?

மிசிசாகா கணக்காளர்:
இருபது ஆண்டுகளாக மற்றவர்களின் வரிப் படிவங்களை நிரப்புகிறேன், அதனால் ஒரு திருத்தம். வீரர் எங்கே வேலை செய்கிறாரோ அங்கே வரி. ஒரு பருவத்தின் ஆட்டங்களில் பாதி வெளியூரில். பாந்தர்ஸ் வீரர் கலிபோர்னியாவிலும் நியூயோர்க்கிலும் செலவிடும் நாள்களுக்கு அங்கங்கே கட்டியாக வேண்டும். ஆகவே 37 என்பது அவருடைய முழுக் கணக்கு அல்ல.

இங்கும் சில வழிகள் உண்டு. அமெரிக்காவில் வசிப்பவருக்குக் கனடிய அணி கொடுக்கும் கையெழுத்துப் பணத்துக்கு, வரி உடன்படிக்கைப்படி கனடா 15 சதவீதம்தான் பிடிக்கலாம். 2018இல் லீஃப்ஸில் சேர்ந்த ஜோன் தவாரெஸுக்குக் கிடைத்த 15.25 மில்லியன் அப்படிப்பட்டது என்பது அவர் வாதம். இல்லை, அது சம்பளமே என்றது கனடிய வருவாய் முகமை. வழக்கு வரி நீதிமன்றத்துக்குப் போனது. இடைவெளி இருக்கிறது, தம்பி; உங்கள் கொப்பியில் தெரியும் அளவுக்கு இல்லை.

டாலஸ் ரசிகை:
ஸ்டார்ஸ் அணி 1993இல் இங்கே வந்தது. வரி அன்றும் இல்லை, இன்றும் இல்லை. எங்களுக்குக் கிடைத்தது 1999இல் ஒரே கோப்பை. பாந்தர்ஸ் 1996க்குப் பிறகு 2022 வரை பிளேஆஃபில் ஒரு தொடரைக்கூட வெல்லவில்லை. அந்த 26 ஆண்டுகளில் யாரும் புளோரிடா வரியைப் பற்றிப் பேசவில்லையே! டென்னசியின் நாஷ்வில் அணி 2024 கோடையில் ஸ்டாம்கோஸ் உள்பட மூன்று பெரிய பெயர்களை வாங்கியது. அந்தப் பருவத்தை 32 அணிகளில் 30ஆவதாக முடித்தது.

பாந்தர்ஸ் எப்படி உருவானது என்று பாருங்கள். பார்கோவ், 2013இல் இளம் வீரர் தேர்வில் பாந்தர்ஸே எடுத்த இளைஞர். ஃபோர்ஸ்லிங்கைக் கரோலினா கைவிட்டபோது, பதிலுக்கு யாரையும் கொடுக்காமல் எடுத்துக்கொண்டார்கள். வெர்ஹேகியை 2013இல் முதலில் தேர்ந்தெடுத்ததே டொரண்டோதான். இரண்டே ஆண்டில் விட்டுக்கொடுத்துவிட்டீர்கள். அதற்கு எந்த வரி காரணம்? எட்மண்டன் அணியின் நட்சத்திரம் மெக்டேவிட் 2025 அக்டோபரில், மேல் விகிதம் 48 சதவீதமான ஆல்பர்ட்டாவிலேயே, பழைய 12.5 மில்லியனுக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருக்கச் சம்மதித்தார்.

ஸ்காபரோ அப்பா:
வெர்ஹேகி விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை, அக்கா. அது எங்கள் தவறுதான். ஆனால் நல்ல அணியைக் கட்டியபின் அதைக் கலையாமல் வைத்திருப்பதில்தான் வரி வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். 2025 கோடையில் பென்னட்டை 8 மில்லியனுக்கும், எக்பிளாடை 6.1க்கும், மார்ஷாண்டை 5.25க்கும் பாந்தர்ஸ் தக்கவைத்தது. மூவரும் ஒன்ராறியோவில் அந்தத் தொகைக்குச் சம்மதித்திருப்பார்களா? கணக்காளர் அண்ணா, உச்சவரம்பை வரிக்குப் பிந்திய தொகையில் வைக்க முடியாதா?

மிசிசாகா கணக்காளர்:
ஒரே அணியில் ஆடும் இருவருக்குக்கூட ஒரே வரி வராது. ஒருவர் குடும்பத்தோடு இங்கே வசிப்பார். மற்றவரின் வீடு மினசோட்டாவில் இருக்கும். யார் எந்த ஊரில் எத்தனை நாள் இருந்தார் என்பது பருவம் முடிந்த பிறகுதான் தெரியும். சரியான தொகை அடுத்த ஏப்ரலில் படிவம் போகும்போதுதான் வரும். அணிகளுக்கோ அந்த எண், ஒப்பந்தம் முடிந்த வீரர்களை எடுக்கும் சந்தை திறக்கும் ஜூலை 1 காலையிலேயே வேண்டும்.