விசுவாசம் உண்டு, ஞானஸ்நானம் இல்லை: நான் ஒளிந்து வாழ்கிறேனா?

வைப்பாற்றுக்காரி:
வணக்கம். எனக்கு 29 வயது. சொந்த ஊர் விருதுநகர் பக்கம், வேலை சென்னையில். வீட்டில் எல்லாரும் இந்து. சாதிச் சான்றிதழ் எஸ்சி. கல்லூரி விடுதியில் ஒரு தோழி கொடுத்த பைபிளைப் படிக்க ஆரம்பித்து எட்டு வருடம் ஆகிறது. ஆறு வருடமாக ஞாயிறு தவறாமல் ஒரு சபைக்குப் போகிறேன். கடைசி வரிசை, மின்விசிறிக்குக் கீழே. இராப்போஜனம், அதாவது அப்பமும் ரசமும் பகிர்வது, நடக்கும் ஞாயிறு மட்டும் பாதியில் எழுந்து வந்துவிடுவேன். ஞானஸ்நானம் எடுக்கவில்லை.

போன வாரம் பாஸ்டர் பிரசங்கத்தில், மனுஷர் முன்னால் அறிக்கை பண்ணாதவர்களைக் கர்த்தரும் அறிக்கை பண்ணமாட்டார் என்றார். பெயர் சொல்லவில்லை. ஆனால் பார்வை முழுக்கக் கடைசி வரிசையில்தான் இருந்தது.

எனக்கு வெட்கம் இல்லை. இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று அம்மா. ஒவ்வொரு ஆடி கடைசி வெள்ளிக்கும் அவரோடு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகிறேன். கூட நிற்பேன், கும்பிடமாட்டேன். இரண்டாவது, குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். விண்ணப்பத்தில் எஸ்சி என்று குறிக்கிறேன். ஞானஸ்நானம் எடுத்தால் அது போய்விடும். நான் செய்வது தவறா? திட்டாமல் பதில் சொல்லுங்கள்.

எக்காளம்:
சகோதரி, திட்டவில்லை. ஆனால் மழுப்பவும் மாட்டேன். பைபிளில் அப்போஸ்தலர் 8-ஐ எடுத்துப் பாருங்கள். எத்தியோப்பிய மந்திரி வனாந்தரப் பாதையில் போகிறார். பிலிப்பு சொன்னதைக் கேட்டார், தண்ணீரைப் பார்த்தார், ரதத்தை நிறுத்தி ஞானஸ்நானம் எடுத்தார். ராணியின் கஜானாவுக்கே பொறுப்பாளர் அவர். வேலை போகுமே என்று கணக்குப் பார்க்கவில்லை. பிலிப்பி சிறைச்சாலைக்காரன் அதே ராத்திரியில் வீட்டாரோடு எடுத்தான். விடியட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை. தேர்வு முடியட்டும் என்பதற்கு வேதத்தில் வசனம் கிடையாது. ஆறு வருடம் என்பது தயக்கம் அல்ல சகோதரி, முடிவு.

தாமிரபரணித் தம்பி:
எக்காளம் அண்ணே, நீங்கள் விசுவாசி வீட்டில் பிறந்தவர் என்று முன்பே இங்கே எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான். பாளையங்கோட்டையில் நாற்பதாம் நாள் போதகர் ஐயர் கையில் அழுதுகொண்டே ஞானஸ்நானம் வாங்கினேன். அதற்கு நான் கொடுத்த விலை ஒரு பைசாகூட இல்லை. அன்றைக்குப் பிரியாணி சாப்பிட்டவர்கள்கூட என்னைவிட லாபம்.

இந்தச் சகோதரி இருக்கன்குடியில் கும்பிடாமல் நிற்கிறார் என்றதும் எனக்கு நாகமான்தான் ஞாபகம் வந்தது. 2 இராஜாக்கள் 5. சீரியாவின் படைத்தலைவன், குஷ்டம் நீங்கியவன். 'என் ராஜா ரிம்மோன் கோயிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு குனியும்போது நானும் குனியவேண்டி வரும், கர்த்தர் மன்னிப்பாராக' என்கிறான். தீர்க்கதரிசி எலிசா திட்டினாரா? சமாதானத்தோடே போ என்றார்.

எங்கள் ஊர்க் கதை இன்னொன்று. குளோரிந்தா, தஞ்சாவூர்ப் பிராமண விதவை. ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவர், அவரிடமிருந்தே விசுவாசத்தைக் கற்றவர். ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அந்த உறவைக் காட்டி மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பிறகு, 1778-இல்தான் கொடுத்தார். பாளையங்கோட்டையில் தேவாலயம் கட்டியவர் அந்த அம்மாள். காத்திருந்த வருடங்களில் அவரை அவிசுவாசி என்பீர்களா? திருநெல்வேலித் திருச்சபையின் வரலாறே தண்ணீர் கிடைக்காமல் நின்ற ஒரு பெண்ணிடம்தான் தொடங்குகிறது.

எக்காளம்:
தம்பி, குளோரிந்தா கேட்டார், சபை மறுத்தது. இங்கே சபை கேட்கிறது, சகோதரி மறுக்கிறார். இரண்டும் ஒன்றா?

அடுத்து, இயேசுவை ஒளிவில் நம்பிய நிக்கொதேமுவையும் அரிமத்தியா யோசேப்பையும் இழுப்பீர்கள் என்று தெரியும், நானே சொல்லிவிடுகிறேன். இயேசுவிடம் ராத்திரியில் வந்த அதே நிக்கொதேமு யோவான் 19-இல் அவர் சரீரத்தை அடக்கம் பண்ண நூறு இராத்தல் போளம் என்ற வாசனைப் பொருளைச் சுமந்துகொண்டு வருகிறான். அதை ஒளித்துக்கொண்டு வரமுடியுமா? யூதருக்குப் பயந்து ஒளிந்திருந்த யோசேப்பு தேசாதிபதி பிலாத்துவிடமே போய் இயேசுவின் சரீரத்தைக் கேட்கிறான். சீஷர்கள் ஓடிப்போன நாளில் இவர்கள் வெளியே வந்தார்கள். ஒளிந்திருந்தவர்களை வேதம் நினைவில் வைத்திருப்பது அவர்கள் வெளியே வந்த அந்த நாளுக்காகத்தான்.

கருப்பசாமி பேரன்:
நான் இந்து, நானும் எஸ்சி. ஞானஸ்நானம், போளம் எல்லாம் எனக்குத் தெரியாது. ஒரே ஒரு கேள்வி. என் தங்கையும் அதே குரூப் 2 எழுதுகிறாள், அதே இடத்துக்கு. வைப்பாற்றுக்காரி அக்கா மனதில் கிறிஸ்தவர், ஆறு வருடமாகச் சர்ச்சுக்குப் போகிறவர். தாளில் இந்து. என் தங்கைக்கு மனதிலும் தாளிலும் ஒரே விலாசம்தான். 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் இதைத்தானே அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது? மதம் உங்கள் உரிமை. இரண்டு தோணியில் கால் வைப்பது உரிமை ஆகாது. கோபத்தில் எழுதவில்லை, கணக்கைத்தான் சொல்கிறேன்.

கறுப்பு அங்கி:
நான் வழக்கறிஞர். இழை சூடாவதற்குள் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் வேர் 1950-ஆம் ஆண்டு எஸ்சி ஆணையின் மூன்றாவது பத்தி. இந்து அல்லாத மதத்தை 'புரொஃபெஸ்' செய்பவர் எஸ்சி ஆகமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர், முஸ்லிம் இன்றுவரை வெளியே. எஸ்டி பட்டியலுக்கு இந்த நிபந்தனையே கிடையாது. மதம் மாறினாலும் பழங்குடி பழங்குடிதான்.

அந்தப் 'புரொஃபெஸ்' என்ற சொல்லுக்கு 1964-இல் ஒரு பௌத்தர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் பொருள் சொன்னது. வெளிப்படையாக அறிவிப்பது அல்லது கடைப்பிடிப்பது, அதுதான் கணக்கு. மனதில் இருப்பதைச் சட்டம் பார்க்காது. தண்ணீரையும் அது தனியாகக் கேட்பதில்லை. ஞானஸ்நானப் பதிவேடு ஒரு சாட்சியம், அவ்வளவுதான். தொடர்ந்து ஆலயத்துக்குப் போவதும் சாட்சியம்தான். ஆக, 'முழுகவில்லை, அதனால் பாதுகாப்பு' என்று வைப்பாற்றுக்காரி நினைத்தால் அது பாதி உண்மை.

2024 தீர்ப்பில் பலர் கவனிக்காத ஒன்று. புதுச்சேரியைச் சேர்ந்த அந்தப் பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது கைக்குழந்தையாக இருந்தபோது. எழுத்தர் வேலைக்காக எஸ்சி சான்று கேட்டார். அந்தப் பதிவேடும் ஆலயத்துக்குப் போகும் பழக்கமும் அவருக்கு எதிராக நின்றன. குழந்தை ஞானஸ்நானம் செல்லுமா என்று இங்கே மாதம் ஒருமுறை சண்டை போடுகிறோம். நீதிமன்றத்தில் அது ஆதாரமாக ஏறிவிட்டது.

தமிழ்நாட்டில் எஸ்சியிலிருந்து மதம் மாறிய கிறிஸ்தவர்கள் பிசி பட்டியலில் வருவார்கள். இடஒதுக்கீடு முழுக்கப் போகாது, ஆனால் போட்டி வேறு. மூன்றாவது பத்தியையே நீக்கச் சொல்லி 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தார்கள். 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. ஆணையம் மேல் ஆணையம், பத்தி அப்படியே.

வைப்பாற்றுக்காரி:
கறுப்பு அங்கி சார், ஒன்று உறைத்தது. பாஸ்டர் கேட்டதும் 'அறிக்கை பண்ணினாயா' என்றுதான். 1950 ஆணை கேட்பதும் அதே கேள்விதான். ஒரே பதிலுக்கு அங்கே பரலோகம், இங்கே பட்டியலிலிருந்து நீக்கம்.

எக்காளம்:
அழகாகச் சொன்னீர்கள் சகோதரி. ஆனால் அதுதான் விலை. சீஷத்துவம் இலவசம் என்று யார் சொன்னது?

மரியின் மகள்:
விலை பற்றிப் பேசுகிறவர்கள் பில்லை யார் கட்டுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் அண்ணா.

நான் தலித் கத்தோலிக்கப் பெண். மூன்று தலைமுறைத் திருமுழுக்கு, நீங்கள் ஞானஸ்நானம் என்பதுதான். சான்றிதழில் பிசி. ஆனால் எங்கள் ஊரில் எங்கள் தெரு இன்னும் தனி. என் பாட்டியை அடக்கம் செய்த இடமும் தனி. தண்ணீர் ஊற்றியதும் சாதி போய்விட்டது என்று டெல்லி நம்புகிறது. பாட்டியின் கல்லறையை ஒருநாள் வந்து பார்க்கட்டும்.

தேவசகாயம் பிள்ளையை எல்லாருக்கும் தெரியும். நீலகண்ட பிள்ளையாக இருந்தவர், 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752-இல் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். 2022-இல் புனிதர் ஆனார். அவரை முன்மாதிரியாகச் சொல்லுங்கள், சந்தோஷம். அதே வடக்கன்குளத்தில் பிற்பாடு கட்டிய தேவாலயத்தில் சாதிக்கு ஒரு பக்கம் என்று நடுவே சுவர் வைத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1910-இல்தான் அதை இடித்தார்கள்.

சூசை என்ற செருப்புத் தொழிலாளியின் வழக்கு தெரியுமா? சென்னையில் தெருவோரத்தில் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். தெருவோரத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசப் பெட்டிக்கடை கொடுத்தபோது, கிறிஸ்தவர் என்று அவருக்கு இல்லை என்றுவிட்டார்கள். 1985-இல் சுப்ரீம் கோர்ட்டும் கைவிட்டது. மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டுமாம். பக்கத்தில் உட்கார்ந்து அதே செருப்பைத் தைத்த இந்துத் தொழிலாளி எதையும் நிரூபிக்கவேண்டி இருந்ததா?

கருப்பசாமி பேரன் தம்பி, உன் தங்கையின் கேள்வி நியாயமானது. ஆனால் அந்தப் பட்டியல் உன் தங்கையையும் இந்தப் பெண்ணையும் மோதவிடுகிறது, எங்கள் ஊர்க் கல்லறைச் சுவரை எழுப்பியவனை ஒன்றும் கேட்பதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று: எனக்குத் திருமுழுக்கு கிடைத்ததில் வருத்தம் ஒரு நாளும் இல்லை. வைப்பாற்றுக்காரி, உனக்கு அது வேண்டும் என்றால் வாங்கிக்கொள். யாரோ கடைசி வரிசையை முறைத்துப் பார்த்தார்கள் என்பதற்காக வாங்காதே. எங்கள் பழைய ஞானோபதேசத்தில் 'ஆசை ஞானஸ்நானம்' என்று ஒன்று உண்டு. தண்ணீர் கிடைக்கும் முன்னே இறந்தவனைக் கடவுள் அந்த ஆசைக்காகவே ஏற்பார் என்பது பொருள்.

எக்காளம்:
ஆசை ஞானஸ்நானம் வேதத்தில் இல்லை.

தாமிரபரணித் தம்பி:
ஞானஸ்நானம் இல்லாமலே இயேசுவிடம் பரதீசு வாக்குப் பெற்ற, சிலுவையில் தொங்கின கள்ளன்?

எக்காளம்:
அவன் இறங்கி வரமுடியாத இடத்தில் இருந்தான், தம்பி. நாம் பேருந்து பிடித்து ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவர்கள்.

ஓலைச்சுவடி:
இந்தக் கேள்வி சென்னைக்குப் புதிதில்லை. ஓ. கந்தசாமி செட்டி என்று ஒருவர் இருந்தார். 1915-இல் மிஷனரிகள் கூடியிருந்த இடத்தில் எழுந்து, தான் கிறிஸ்துவை நம்புவதாகவும் ஆனால் சபையில் சேரப்போவதில்லை என்றும் காரணத்தோடு சொன்னார். சபை ஒரு தனிச் சாதிபோல ஆகிவிட்டது, அதில் சேர்ந்தால் சொந்த மக்களிடமிருந்து வெட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். பிற்காலத்தில் கீழ்ப்பாக்கம் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் இருந்த ஹெர்பர்ட் ஹோஃபர், ஞானஸ்நானம் பெறாத இயேசு பக்தர்களைத் தேடிப் போய்ப் பேசி ஒரு நூலே எழுதினார். சென்னையில் மட்டும் ஓர் இலட்சத்துக்கும் மேல் இருக்கலாம் என்பது அவர் மதிப்பீடு. அதில் நிறையப் பேர் குடும்பத்துப் பெண்கள். பூஜை அறையில் ஓர் ஓரமாக இயேசு படம், ஞாயிறு வானொலி, தலைமாட்டில் பைபிள்.

எக்காளம்:
மனதில் இருப்பதை எண்ணிக் கணக்கெடுக்க முடியுமா ஐயா? அதை விடுங்கள். அந்தப் பெண்மணிகள் இறந்தால் யார் ஜெபம் பண்ணி அடக்கம் செய்தார்கள்? வியாதியில் யார் போய்ப் பார்த்தார்கள்? தனியாக விசுவாசிக்கலாம், தனியாக இராப்போஜனம் எடுக்க முடியாது. சகோதரி மாதாமாதம் பாதியில் எழுந்து வருவதை எழுதியிருந்தார். எனக்குச் சான்றிதழைவிட அதுதான் துக்கமாக இருந்தது.

ஓலைச்சுவடி:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. செட்டியாரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

யோர்தான் 77:
முழுக்கா தெளிப்பா என்பதை முதலில் முடிவு செய்யாமல் இந்த விவாதமே வீண். தெளிப்பு ஞானஸ்நானமே அல்ல...

இழைக் காவலர்:
யோர்தான், அதற்கு 340 பதில்களோடு தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போங்கள்.

கருப்பசாமி பேரன்:
மரியின் மகள் அக்கா, சுவர் கட்டியவனைக் கேளுங்கள், நானும் கூட வந்து கேட்கிறேன். அந்தப் பத்தியையும் நீக்கட்டும். ஆனால் நீக்கும்போது இடங்களையும் கூட்டட்டும். இருக்கிற அதே இடத்தில் இன்னும் ஆட்களை உட்காரவைத்தால் நசுங்குவது நாங்கள்தான். நீக்கும்வரை என் தங்கையின் கேள்வி அப்படியேதான் இருக்கும்.

எக்காளம்:
ஒன்று ஒப்புக்கொள்கிறேன். என் அப்பா ஞானஸ்நானம் எடுத்த வருடம் தாத்தா அவரைப் பாகப்பிரிவினையில் சேர்க்கவில்லை. இரண்டு ஏக்கர் நஞ்சை போனது. அந்த விலையைக் கொடுத்தவர் அப்பா. நான் சாட்சி சொல்லும்போதெல்லாம் அதை என் கதைபோலவே சொல்லிவந்திருக்கிறேன். தாமிரபரணித் தம்பி சொன்னது குத்தியது.

ஆனாலும் என் பதில் மாறாது சகோதரி. அப்பாவிடம் அந்த நிலம் பற்றிக் கேட்டால் ஊர்ப் பெயர்கூடச் சரியாக ஞாபகம் இல்லை. ஞானஸ்நானம் எடுத்த கிணறு மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. படியில் பாசி, வழுக்கும் என்பார்.

கறுப்பு அங்கி:
வைப்பாற்றுக்காரி, ஒரே ஒரு எச்சரிக்கை. எந்த முடிவு எடுத்தாலும் உறுதிமொழிப் படிவத்தில் பொய்யாகக் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் தம்பி தங்கைகள் சான்று வேறு, உங்கள் சான்று வேறு. நீங்கள் மாறினால் அவர்களுடையது போகாது.

வைப்பாற்றுக்காரி:
எல்லாருக்கும் நன்றி. பத்து நாளாக இந்த இழையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். எக்காளம் அண்ணன் கேள்வியைவிட, கருப்பசாமி பேரனின் தங்கைதான் தூங்கவிடவில்லை. அடுத்த விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் குறிப்பேன் என்று இன்னும் தெரியாது.

நேற்று ராத்திரி அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். எட்டு வருடக் கதையை எங்கே தொடங்குவது என்று தெரியாமல், ஆடிக்கு இருக்கன்குடிக்கு வருவேன், ஆனால் ஒரு விஷயம் சொல்லணும் என்றேன். "நீ அங்க வந்து கையக் கட்டிக்கிட்டு நிக்கிறத நாலு வருஷமா பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்றார்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம், "சரி, சர்ட்டிபிகேட் என்னாகும்?" என்று கேட்டார்.