செகண்டுக்கு 24 ஃப்ரேம்ல எடுத்தும் சீரியல் மாதிரியே இருக்கு, ஹெல்ப் ப்ளீஸ்

ஷார்ட் ஃபிலிமுக்கு ரெண்டு பேர் ரூம்ல உக்காந்து பேசுற சீன், போன வாரம் எடுத்தது, பாத்தா அப்படியே டிவி சீரியல் லுக். ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேம விட சின்ன) சென்சார் மிரர்லெஸ் கேமரா, 35 எம்எம் லென்ஸ், அப்பர்ச்சர் எஃப்2 (லென்ஸ நல்லா தொறந்து வச்சது).

மொதல்ல 50 ஃப்ரேம், அப்புறம் 24க்கு மாத்தி ஷட்டர் 1/50 செகண்ட் வச்சு திரும்ப எடுத்தாச்சு, லாக்ல (அப்புறமா கலர் மாத்த வசதியா, கான்ட்ராஸ்ட் கம்மியா பதியுற மோட்) எடுத்து கலர் கிரேடும் பண்ணியாச்சு, டிவில மோஷன் ஸ்மூத்திங் (டிவியே நடுவுல ஃப்ரேம் சேத்து அசைவ வழவழன்னு காட்டுறது) ஆன்ல இருந்தா எந்தப் படமும் சீரியலாத்தான் தெரியும்னு அதையும் ஆஃப் பண்ணிட்டேன். அசைவு இப்ப ஓகே, ஆனா மூஞ்சி ஃப்ளாட், பின்னாடி சுவரும் அதே வெளிச்சத்துல.

ரெண்டு எல்இடி பேனல், ரெண்டும் கேமரா பக்கத்துலயே, ஆளுங்க சுவத்த ஒட்டி. (புது கேமரா வாங்குன்னு மட்டும் சொல்லாதீங்க.)

லைட்ட சைடுக்கு கொண்டு போறதா, ஆளுங்கள சுவத்த விட்டு முன்னாடி இழுக்கறதா, எத முதல்ல மாத்தணும்?