புது வில் வேகம், அம்பு மட்டும் இடப்பக்கம்

கேள்வி:
பென்சில்வேனியாவில் மரப்பரணிலிருந்து வெண்வால் மான் வேட்டையாடுகிறேன். புது காம்பவுண்ட் வில் (இரு முனையிலும் சக்கரம் வைத்தது), சக்கரத்துக்குச் சக்கரம் 28 அங்குலம். கைப்பிடிக்கும் நாணுக்கும் இடைவெளி 6 அங்குலம்தான். வேகம் அபாரம். ஆனால் 30 கஜத்தில் அம்பு ஒரு சாண் இடப்பக்கம் விலகுகிறது. பழைய 34 அங்குல வில் இப்படிப் படுத்தியதில்லை. குறை வில்லிலா, என்னிடமா?

பதில் 1:
இரண்டிலும். இடைவெளி குறைந்தால் நாண் அம்பைக் கூடுதல் தூரம் தள்ளுகிறது, வேகம் அதனால்தான். அம்பு பிரிவதற்குள் மணிக்கட்டு திருகினால் அந்தப் பிழையும் கூடவே போகும். குட்டை வில் சட்டென்று திரும்பவும் செய்யும். கைப்பிடியை இறுக்காதீர்கள், கட்டைவிரல் மேட்டில் தாங்கினால் போதும்.

பதில் 2:
குளிர்கோட்டின் கையைப் பார்த்தீர்களா? நாண் அதில் உரசினாலும் அம்பு விலகும். என்னுடையதில் நாண் உரசிய தடமே இருந்தது. கைக்காப்பு கட்டினேன்.

கேட்டவர்:
விரல்களைத் தளர்த்தி ஆறு அம்பு எய்தேன். ஐந்து உள்ளங்கையளவில் விழுந்தன. ஆறாவதை வேலிக்கு அப்பால் இன்னும் தேடுகிறேன்.