ஜூலை மழையில எமரால்டு டேம் பக்கம் பறவை பாக்க போலாமா?

மழைக்காதலன்:
கோவையிலிருந்து வர்றேன், ரெண்டு நாள் லீவு தான் இருக்கு, ஊட்டில தங்கி எமரால்டு, அவலாஞ்சி பக்கம் போகலாம்னு பிளான், ஆனா இந்த மழையில ஏதாச்சும் கண்ணுல படுமா இல்ல நனைஞ்சுட்டு திரும்புறதுதானா? பைனாகுலர் வேற 8x42, போன தடவ உள்ள பனி மூட்டம் மாதிரி ஆயிருச்சு.

தேயிலைத்தோட்டம்:
தண்ணில பெருசா எதிர்பாக்காதீங்க ப்ரோ. முக்குளிப்பான், நீர்க்காகம் அவ்ளோதான், வலசை வர்ற உள்ளானுங்க (கரையோரம் சேத்துல மேயுற பறவைங்க) எல்லாம் இனிமே தான். கரையோர சோலையில நில்லுங்க. மழை விட்டு ஒரு பத்து நிமிஷம் வெளிச்சம் வரும் பாருங்க, அப்போ நீலகிரி சிரிப்பான் கூட்டமா கத்த ஆரம்பிக்கும், புதர்ல கீழயே கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் ஒக்காந்திருக்கும், பயப்படவே பயப்படாது. இந்த வகை சிரிப்பான் நீலகிரிய விட்டா வேற எங்கயும் கிடையாது, அதுக்காகவே வரலாம். அட்டைக்கு உப்பு எடுத்துக்கோங்க.

மழைக்காதலன்:
சூப்பர்ணா! அவலாஞ்சிக்கு?

குந்தாக்காரி:
அவலாஞ்சி உள்ள வனத்துறை விட்டா தான் போக முடியும், ரெட் அலர்ட்னா மூடிருவாங்க, 2019 ஆகஸ்ட்ல ஒரே நாள்ல 80 செ.மீ-க்கு மேல கொட்டுன எடம் அது, வீம்பு பண்ணாதீங்க தம்பி. பைனாகுலர குளிர்லேந்து நேரா சூடான ரூமுக்குள்ள கொண்டு போகாதீங்க, பையிலயே வெச்சு மெதுவா ரூம் சூட்டுக்கு வர விடுங்க, சிலிக்கா ஜெல் ரெண்டு பொட்டலம் போடுங்க. லென்ஸோட வெளிப்பக்கம் உங்க மூச்சு பட்டாலே மங்கும், அது வேற கத.